போட்டியில் மட்டும் மூன்று பாய்ச்சலும் பிழைத்துப் போகிறது, என்ன செய்வது?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 17, உயர்தரம் கலைப்பிரிவு. நீளம் பாய்தல்தான் அவருடைய விளையாட்டு. ஊர் மைதானத்தில் பயிற்சியில் 5.20 மீற்றர் வரை பாய்கிறார். போன வருடம் மாகாண மட்டத்தில் முதலிடம். அதன் பிறகு கொழும்பில் நடந்த தேசிய மட்டப் போட்டியில் மூன்று பாய்ச்சலும் பிழை: எழும்பும் பலகையைக் கால் தாண்டிவிட்டது, மூன்று முறையும் சிவப்புக் கொடி. இந்த வருடம் வலய மட்டத்திலேயே முதல் இரண்டும் பிழைத்துவிட்டன. மூன்றாவதில் பலகைக்கு முன்னால் தடுமாறி, 4.40 பாய்ந்து எப்படியோ தேறியிருக்கிறார். அடுத்த மாதம் மாகாணப் போட்டி.

போட்டிக்கு முதல் இரவு நித்திரை இல்லை. காலையில் வயிற்றைப் புரட்டுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. ஓடத் தொடங்கும் இடத்தில் நிற்கும்போது கை நடுங்குகிறது, "நெஞ்சு அடிக்கிற சத்தம் பக்கத்தில நிக்கிறவைக்குக் கேக்குமோ எண்டு பயமாக் கிடக்கு" என்கிறார். கொழும்பிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எல்லாருக்கும் முன்னால் விளையாட்டு ஆசிரியர், "பள்ளிக்கூடத்தின்ர மானத்தை வாங்கிப்போட்டாய்" என்று சொல்லியிருக்கிறார். ஸ்பைக் சப்பாத்து வாங்கி அனுப்பிய கனடா மாமா ஒவ்வொரு போட்டிக்கும் முதல் நாள் வீடியோ கோலில் வருகிறார். பழைய மாணவர் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில், போட்டிக்குப் போகும் முன்னரே 'எங்கள் தங்கமகள்' என்று படம் போட்டிருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். ஆனால் மைதானத்துக்கு மட்டும் வருவதில்லை. ஓட்டப் போட்டியைத் தொடக்கி வைக்கும் வெடிச் சத்தம் அவருக்கு ஆகாது. ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர், படபடப்பை நிறுத்தும் என்று ஒரு குளிசை கொடுத்திருக்கிறார். இன்னும் போடவில்லையாம்.

கடிதம் நான்கு கேள்விகளோடு முடிகிறது. எனக்கு ஏதும் வருத்தமா? குளிசையைப் போடலாமா? விளையாட்டை விட்டுவிடலாமா? "எங்கட வன்னிப் பிள்ளையளுக்கு உடம்பு இருக்கு, மனம் இல்லை, போர் பாத்த சனம் எண்டு சேர் சொல்லுறவர். அது உண்மையோ?"

பிள்ளை, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற மூன்றையும் கனமாக்கி வைத்திருப்பது அதுதான்.

உண்மை இல்லை. போர் எங்கள் ஊர்களில் என்னென்ன விட்டுச் சென்றிருக்கிறது என்பதை என் வேலையில் நாள்தோறும் பார்க்கிறேன், அதைச் சின்னதாக்கவில்லை. ஆனால் மைதானத்தில் உங்களுக்கு நடப்பதற்கு வன்னியில் பிறந்திருக்கத் தேவையில்லை. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் பொப் பீமன் என்ற அமெரிக்கருக்கு உங்களுக்கு நடந்ததே நடந்தது. நீளம் பாய்தல் தகுதிச் சுற்றில் அவருடைய முதல் இரண்டு பாய்ச்சலும் பிழை. மூன்றாவதும் பிழைத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போது அவருடைய அணியிலேயே இருந்த, அவருக்குப் போட்டியாளரும் ஆன ரால்ப் பொஸ்டன், பலகைக்கு நன்றாக முன்னாலேயே எழும்பிப் பாய் என்று சொல்லிக் கொடுத்தார். பீமன் அப்படியே செய்து தேறினார். இறுதிப் போட்டியில் அவர் பாய்ந்தது 8.90 மீற்றர். அதற்கு முந்தைய உலக சாதனை 8.35தான். அவருடைய சாதனையை 1991 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

பொஸ்டன் அவரிடம் "பயப்படாதே" என்று சொல்லவில்லை, "நாட்டின் மானம்" என்றும் சொல்லவில்லை. காலை எங்கே வைப்பது என்பதைச் சொன்னார். உங்களுக்கு நான் சொல்லப்போவதும் பெரும்பாலும் அந்த வகைதான்: பயத்தை விரட்ட மினக்கெட வேண்டாம், பயம் இருக்கும்போது எப்படிப் பாய்வது என்று பழகுங்கள்.

ஓடுபாதையில் என்ன நடக்கிறது

பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, இரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் போகிறது. வயிற்றைப் புரட்டுவது அதனால்தான். கை நடுங்குவதும் அதனால்தான். இது வருத்தம் இல்லை, உடம்பு வேகத்துக்குத் தயாராவது. பாய்பவருக்கு இது வேண்டியதும்கூட. அட்ரினலின் ஏறிய கால்கள் பயிற்சியில் ஓடுவதைவிட வேகமாக ஓடும், ஒவ்வொரு காலடியும் கொஞ்சம் நீளும். நீங்கள் 16 காலடி ஓடிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். காலடிக்கு இரண்டு சென்ரிமீற்றர் நீண்டாலே முடிவில் 32 சென்ரிமீற்றர் கூடிவிடும். பலகையின் அகலமே 20 சென்ரிமீற்றர்தான். ஆக, முதலாவது பாய்ச்சல் பிழைத்தது நீங்கள் பலவீனமாக இருந்ததால் அல்ல. வழக்கத்தைவிட வேகமாக ஓடியிருக்கிறீர்கள்.

இரண்டாவது பாய்ச்சலில் நடப்பது வேறு. முதலாவது பிழைத்ததும் மனம் காலுக்கு இறங்கிவிடுகிறது. எத்தனையாவது காலடி, எந்தக் கால், பலகை எங்கே என்று பார்த்துப் பார்த்து ஓடுகிறீர்கள். நன்றாகப் பழகிய ஒரு வேலையை இப்படி உற்றுப் பார்த்தால் அது குழம்பிவிடும். அம்மா புட்டுக்கு மாக் குழைக்கும்போது எத்தனை கரண்டி தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள், கை ஒரு கணம் நின்றுவிடும். கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவரச் சொன்னால் அப்படித்தான். நெருக்கடியில் தடுமாறும் விளையாட்டு வீரர்களைப் பற்றி 1980களிலிருந்து நடந்துவரும் ஆய்வுகள் இரண்டு காரணங்களைச் சொல்கின்றன. ஒன்று, இப்படித் தன் அசைவைத் தானே காவல் காப்பது. மற்றது, கவலை வந்து கவனத்தின் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வது. உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன.

அப்புறம், மனத்தோடு சம்பந்தமே இல்லாத சில விஷயங்களும் இருக்கின்றன. இவற்றை யாரும் உங்களிடம் கேட்கவில்லை போலிருக்கிறது. ஊரில் நீங்கள் பாய்வது மணலும் புல்லும் கலந்த பாதையில், பெரும்பாலும் வெறுங்காலோடு. ஸ்பைக் சப்பாத்தைப் போட்டிக்கென்று பத்திரமாக எடுத்து வைக்கிறீர்கள். கொழும்பில் இருந்ததோ செயற்கைத் தடம். அந்தத் தடத்தில் ஸ்பைக்கோடு ஓடினால் கால் வழுக்காமல் பிடிக்கும், காலடி இன்னும் நீளும். அளந்து வைத்த அடையாளம் அங்கே பொருந்தாமல் போவதில் அதிசயமில்லை. பின்னாலிருந்து சோளகக் காற்றும் வீசினால் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, விடிய நான்கு மணிக்கு பஸ் ஏறி, மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நடுக்கத்தில் பாதி பசி. அதையும் பயத்தின் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

குளிசை பற்றி

போடாமல் வைத்திருந்தது நல்லது. இனியும் போட வேண்டாம். நீங்கள் பெயர் எழுதியிருக்கும் அந்த மருந்து, புரோப்பிரனொலோல், நெஞ்சு அடிக்கும் வேகத்தைக் குறைப்பது. பரீட்சைக்கும் மேடைக்கும் என்று அதைக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. உங்களுக்கு அது ஆபத்து, ஏனென்றால் சின்ன வயதில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தது என்று நீங்களே ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். முட்டு இருந்தவர்களுக்கு இந்தக் குளிசை மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும். அது இல்லாவிட்டாலும், நெஞ்சு வேகமாக அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்க விடாத ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடுவதில் என்ன பயன்? வில்வித்தை, துப்பாக்கிச் சுடுதல் போன்ற விளையாட்டுகளில் இது தடைசெய்யப்பட்ட மருந்து. நீளம் பாய்தலில் தடை இல்லை. தடை இல்லை என்பதற்காக உங்களுக்குப் பொருத்தமானது என்று ஆகிவிடாது. பொதுவாகவே, டொக்டரின் துண்டு இல்லாமல் வரும் எந்தக் குளிசையையும் விளையாடுபவர் வாயில் போடக்கூடாது. பரிசோதனையில் ஏதும் தெரியவந்தால், கொடுத்த அண்ணா அல்ல, நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வருத்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கு: படபடப்பு போட்டி நாட்களில் மட்டும் வந்து, பாய்ந்து முடித்ததும் அடங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இருதய வருத்தத்தின் போக்கு மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் கடிதத்தைப் பார்த்து இருதயத்துக்குச் சான்றிதழ் தர என்னால் முடியாது. சும்மா இருக்கும்போது படபடப்பு வந்தால், ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். மாதவிடாய் அதிகமாகி உடம்பு களைக்கிறது என்றால் இரத்தச் சோகைக்கும் ஒரு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஓடும் பெண்பிள்ளைகளில் இதைக் கவனிக்காமல் விட்டு, "மனம் இல்லை" என்று முடிவு கட்டிய கதைகள் உண்டு.

மாகாணப் போட்டிக்கு முன்

நான் பயிற்றுநர் அல்ல, ஆகவே அளவுகளைச் சேரோடு சேர்ந்து முடிவெடுங்கள். ஆனால் திசை இதுதான்.

முதல் பாய்ச்சலைப் பத்திரமான பாய்ச்சலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கும் அடையாளத்தை ஒரு பாத அளவு பின்னால் தள்ளுங்கள். பலகைக்கு 20 சென்ரிமீற்றர் முன்னால் எழும்பினாலும் உங்கள் 5.20 என்பது 5.00 ஆகும், அவ்வளவுதான். பிழைத்தால் அது பூச்சியம். வெள்ளைக் கொடி ஒன்று எழுந்துவிட்டால் மற்ற இரண்டிலும் துணிந்து ஓடலாம், முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் இன்னும் மூன்று கிடைக்கும். இந்தக் கணக்கை நீங்கள் போட்டதில்லை என்று தோன்றுகிறது, மூன்று முறையும் தங்கத்துக்கே ஓடியிருக்கிறீர்கள்.

ஸ்பைக்கை இனிமேல் பயிற்சியிலும் போடுங்கள். மாமா அனுப்பியது தேய்ந்தால் தேயட்டும்.

பயிற்சியில் பயத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் போட்டி மாதிரியே நடத்தச் சொல்லுங்கள்: மூன்றே பாய்ச்சல், கொடியோடு ஒருவர், பெயர் கூப்பிட ஒருவர், சுற்றி நின்று பார்க்க கனிஷ்ட பிரிவுப் பிள்ளைகள், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இடையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. அந்தக் காத்திருப்பில்தான் மனம் வேலை காட்டும், அதைப் பயிற்சியில் ஒருவரும் பழக்குவதில்லை. சின்னச் சின்ன நெருக்கடியில் பழகியவர்கள் பெரிய நெருக்கடியில் குறைவாகத் தடுமாறுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதே நாளில், படபடப்போடு ஓடும்போது உங்கள் கால் எங்கே விழுகிறது என்று சேரை அளக்கச் சொல்லுங்கள். போட்டிக்கு உரிய அடையாளம் அதுதான், அமைதியான பின்னேரத்தில் அளந்தது அல்ல.

ஓடும்போது பார்வை பலகையில் வேண்டாம், குழிக்கு அப்பால் ஏதாவது ஒன்றில் இருக்கட்டும், பனை, கம்பம், எதுவும். நின்ற இடத்திலிருந்து பாய்வதை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முழங்காலை எவ்வளவு விரைவாக நீட்டலாம் என்று யோசிக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசிக்கச் சொல்லப்பட்டவர்கள் கூடிய தூரம் பாய்ந்தார்கள். உடம்புக்கு வெளியே கவனம் போனால் உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

காத்திருக்கும்போது மூச்சை மெதுவாக விடுங்கள், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். படபடப்பு முழுதாக அடங்காது, அடங்கத் தேவையும் இல்லை. "அமைதியாக இரு" என்று உங்களுக்கு நீங்களே கட்டளை போடுவதைவிட "உடம்பு ரெடி" என்று சொல்லிக்கொள்வது நல்லது. மேடையில் பேசுபவர்கள், பாடுபவர்களை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட, பதற்றத்தை உற்சாகம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

சாப்பாடு: புட்டு இறங்காவிட்டால் வாழைப்பழம், பாண், கொஞ்சம் இனிப்பான தேத்தண்ணீர். பஸ்ஸிலேயே கொஞ்சம் கொஞ்சமாக. நித்திரை வராத ஓர் இரவால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்குங்கள்.

பெரியவர்களிடம் சொல்ல வேண்டியது

இது உங்களுக்குக் கஷ்டமான பகுதி என்று தெரியும். 5.20 பாய்வதைவிட, சேருக்கு முன்னால் வாயைத் திறப்பது எங்கள் ஊரில் பெரிய காரியம்.

மாமாவிடம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும்: "மாமா, போட்டிக்கு முதல் நாள் எடுக்காதேங்கோ, முடிஞ்ச உடன நானே எடுக்கிறன்." கோபிக்க மாட்டார். பழைய மாணவர் சங்கத்துக்குச் சொல்லும் வேலை அதிபருடையது. போட்டி முடிந்த பிறகு போட வேண்டிய படத்தை முன்னரே போடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஒரு பிள்ளையின் தலையில் எத்தனை நாட்டிலிருந்து கை வைப்பது? இந்தப் பக்கத்தை வெட்டி அதிபரிடம் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

சேர் விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மாலை முழுவதும் சம்பளமில்லாமல் நின்று பயிற்சி தருகிறார், கொழும்புப் பயணத்துக்குத் தன் கைக்காசைப் போட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் மேலிருந்து நெருக்குதல் இருக்கும். அதற்காக எல்லாருக்கும் முன்னால் அவமானப்படுத்தியது சரியாகிவிடாது, அதனால் பலனும் இல்லை. அடுத்த போட்டியில் உங்கள் கண்ணைக் காலுக்கு இறக்கியதே அந்த வார்த்தைதான். தனியாகப் போகத் தயக்கம் என்றால், நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியையையோ பாடசாலை ஆலோசனை ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு போய், "பிழைத்தால் என்ன பிழை என்று மட்டும் சொல்லுங்கோ சேர், நான் திருத்துறன்" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு இறங்கி வருவார்கள். அடி, மிரட்டல், பொருத்தமில்லாத தொடுகை என்று எதுவும் இருந்தால் அது வேறு விஷயம், அதற்குக் காத்திருக்க வேண்டாம். 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு நீங்களே அழைக்கலாம்.

விட்டுவிடலாமா?

விடலாம். அது உங்கள் உரிமை. விலகினால் நற்சான்றிதழில் கை வைப்பார்கள் என்று சிநேகிதி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அணியிலிருந்து விலகுவது ஒழுக்கக் குற்றம் அல்ல. யாராவது அப்படி மிரட்டினால் அதிபரிடமும், தேவைப்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்திலும் அம்மாவோடு போய் முறையிடலாம்.

ஆனால் விடுவதற்கும் தள்ளிப் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், அந்தரத்தில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே தவறுகிறது என்று சொல்லிக் குழு இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். பலர் ஏசினார்கள். 2024இல் பாரிசில் மூன்று தங்கம் எடுத்தார். ஒரு பருவம் ஒதுங்கியிருந்தால் எல்லாம் முடிந்துவிடாது. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் எடுத்து வந்தபோது அவருக்கு வயது 72.

என் அபிப்பிராயம் கேட்டால், மாகாணப் போட்டியில் பாய்ந்துவிட்டு முடிவெடுங்கள். பயத்தின் நடுவில் எடுக்கும் முடிவில் பயம்தான் அதிகம் இருக்கும். பாயவே விருப்பமில்லை, பயிற்சியும் பிடிக்கவில்லை என்ற நிலை வந்திருந்தால் இந்த ஆலோசனை பொருந்தாது. உங்கள் கடிதத்தில் அது தெரியவில்லை; பாய்ந்து மணலில் விழும் அந்த ஒரு கணத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

மெடல் இல்லாவிட்டால் கம்பஸ் (பல்கலைக்கழகம்) இல்லை என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கும் திருத்தப்பட வேண்டும். விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் விசேட அனுமதி இருப்பது உண்மை. ஆனால் அதற்கும் உயர்தரப் பரீட்சையில் குறைந்தபட்சத் தகுதி வேண்டும். மெடல் இருந்தும் பரீட்சையில் தவறினால் அந்தக் கதவு திறக்காது. மெடல் இல்லாமல் பரீட்சையில் நல்ல இசட் புள்ளி எடுத்தால் வழக்கமான கதவு திறந்திருக்கிறது. ஆகவே போட்டி மாதத்திலும் புத்தகத்தை முழுதாக மூடி வைக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்தும் படபடப்பு போட்டியைத் தாண்டி வகுப்பறைக்கும் வீட்டுக்கும் வந்தால், வாரக்கணக்கில் நித்திரை கெட்டால், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால், அது விளையாட்டு விஷயம் அல்ல. மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அம்மா

அம்மா மைதானத்துக்கு வராததை, உங்களில் நம்பிக்கை இல்லாததாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெடிச் சத்தம் கேட்டால் அவருடைய உடம்பு போர் நடந்த 2009க்குப் போய்விடுகிறது. அவர் விரும்பி அப்படிச் செய்யவில்லை. வா என்று வற்புறுத்த வேண்டாம், நேர்த்தியைக் கேலி செய்யவும் வேண்டாம். அவருக்கு இப்போது தெரிந்த வழி அதுதான். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். வேலை முடிந்து வரும் ஒரு நாளில் நீங்களும் கூடப் போனால் அம்மா மறுக்காமல் வரக்கூடும். அவர் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதற்காக அல்ல, இரவில் அவர் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தைத் தொடக்க வெடிதான் வேண்டுமென்றில்லை. இரண்டு மரப்பலகையைச் சேர்த்து ஓங்கித் தட்டினால் போதும். இந்தப் பிள்ளையின் அம்மாவைப் போல வெளிமதிலுக்கு அப்பால் நிற்கும் எத்தனையோ பேர் உள்ளே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.